எடுத்துவிட்ட இரண்டு வரிகள்

கொழுந்தியாளின் வண்டியில் பின்னால் ஏற அவனுக்கு எப்போதும் ஒரு நொடிகூட ஆகாது. அன்று சாயங்காலம் காலைத் தூக்கிப் போட முடியாமல், பட்டறை வாசலில் வண்டியின் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"என்ன மாமா, குதிரையா இது? சும்மா ஏறுங்க."

செருப்பு வார் சிக்கிக்கொண்டது என்று எதையோ சொல்லிச் சமாளித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். சட்டைக்கு அடியில் இறுக்கிக் கட்டியிருந்த இடுப்புப் பட்டை அவள் கண்ணில் படவில்லை.

அது மின்னணுத் தராசுகளைப் பழுது பார்க்கும் பட்டறை. கிடங்குகளில் தரையோடு தரையாகக் கிடந்து மூட்டை சுமக்கும் தராசுகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் நகத்தளவு சில்லு ஒன்று உண்டு. அதிலிருக்கும் புரோகிராமில் ஏதோ பிசகு என்று, விற்ற தராசுகளையெல்லாம் திரும்ப வரவழைத்துப் புதிதாக ஏற்றச் சொல்லிவிட்டார்கள் கம்பெனிக்காரர்கள். உள்ளறையில் உட்கார்ந்து ஏற்றுவது கொழுந்தியாளின் வேலை. அது முடிந்து பின்கொட்டகைக்கு வரும் தராசில் எடைக்கல் வைத்துச் சரிபார்ப்பது அவன் வேலை. பட்டறையில் அவனுக்குக் கல்லுக்காரர் என்றே பெயர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

ஆரம்பத்தில் அவள் பாடுதான் நாய் படாத பாடாக இருந்தது. தராசைக் கவிழ்த்து, சில்லு இருக்கும் பலகையில் ஊசிக் கிளிப்பைக் குத்தி, கணினியில் ஒவ்வொரு கட்டளையாக அடிக்க வேண்டும். இணை, நிறுத்து, படி, அழி, எழுது, சரிபார். ஓர் எழுத்து பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. வீட்டுக்கு வந்தால் அக்காவிடம் பேசக்கூட அவளுக்கு வாய் வராது. அப்புறம் ஒருநாள் அந்தக் கட்டளைகளையெல்லாம் வரிசையாகக் கோர்த்து ஒரே ஸ்கிரிப்டாக எழுதிவிட்டாள். கிளிப்பைக் குத்தி ஒரு பட்டனைத் தட்டினால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். அதிலும் நேரம் பிடிக்கிறது என்று சில நாளில் எதையோ சுருக்கினாள். தராசுகள் மளமளவென்று கொட்டகைக்கு வந்து விழுந்தன. மேற்பார்வையாளருக்கு ஏக சந்தோஷம். பல் இடுக்கில் காற்றுப் போய்ப் பேச்செல்லாம் சீட்டியடிக்கும் என்பதால், முதுகுக்குப் பின்னால் அவருக்கு விசில் என்று பெயர்.

அவன் இடுப்பு ஒடியத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். முன்பு ஒரு கல்லை வைத்துப் பார்ப்பான். சரியாகக் காட்டினால் அடுத்ததற்குப் போய்விடுவான். இப்போது வருகிற தராசு எல்லாமே தாறுமாறாகக் காட்டியது. அப்படிக் காட்டினால் இரும்புக் கல் அத்தனையையும் ஒவ்வொன்றாக ஏற்றி, தராசுக்கு எடையைப் புதிதாகப் பழக்கி, ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். புது புரோகிராமின் குணமே இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை. தூக்க முடியாத கல்லுக்காரனை எந்தப் பட்டறை வைத்துக்கொள்ளும்?

மறுநாள் மத்தியானம், வேலை சீக்கிரம் முடிந்ததென்று கொழுந்தியாள் கொட்டகைப் பக்கம் வந்தாள். அவன் கடைசிக் கல்லைத் தொடையில் தாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாதி எழுந்தும் எழாமலும் நின்றிருந்தான். சட்டை மேலேறிப் பட்டை வெளியே தெரிந்தது.

"பழைய தராசுதானே மாமா. இதுக்கு எதுக்கு எல்லாக் கல்லும்?"

"எல்லாமே இப்படித்தான் வருது பாப்பா. நீ பட்டன் போட்டதுல இருந்து."

அவள் முகம் செத்துப்போயிற்று. கல்லை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் குந்திக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். ஒவ்வொரு தராசின் எடைப் பழக்கமும் அந்தச் சில்லின் ஒரு மூலையில்தான் பதிந்திருக்கும். அழிப்பதற்கு முன் அதைப் படித்து எடுத்துவைக்க ஒரு வரி, ஏற்றிய பிறகு திருப்பி வைக்க ஒரு வரி. அந்த இரண்டுதான் நேரத்தைத் தின்றன, அதனால் எடுத்துவிட்டாள். அலமாரியிலிருந்த, இன்னும் எடை பழக்காத புத்தம்புதுத் தராசில் போட்டுப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. புதுத் தராசில் அழிவதற்கு என்ன இருக்கிறது?

"நீங்க இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போகலாம்னுதான் எடுத்தேன்" என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு பிடிக்கும் என்று அடக்கிக்கொண்டான். விசிலிடம் சொல்லாதே, ஸ்கிரிப்டைச் சத்தமில்லாமல் சரி பண்ணிவிடு, அழிந்ததையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவள் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நேரே உள்ளே போனாள். வேண்டாம் வேண்டாம் என்று அவன் பின்னாலேயே நொண்டினான்.

விசில் முழுவதையும் கேட்டார். நேற்று வரை உன்னை மெச்சிய வாய் வலிக்கிறது என்றார். இனி மறுபடி ஆமை வேகம்தானா என்றார். எடைப் பழக்கம் அழிந்துபோய்ச் சுவரோரம் அடுக்கிக் கிடந்த தராசுகளைக் காட்டி, இதற்கெல்லாம் யார் கல் தூக்குவது என்று அவன் பக்கம் திரும்பினார். அவன் நிமிர்ந்து நிற்கப் பார்த்தான். முடியவில்லை. விசிலின் பார்வை அவன் இடுப்பில் வந்து நின்றது.

"நான் தூக்குறேன் சார்" என்றாள் கொழுந்தியாள். "கெடுத்தது நான்தானே."

"அப்போ இவர் எதுக்கு?"

"பட்டன் தட்ட. அதுக்கு ஒரு விரல் போதும் சார். அதுக்காகத்தானே எழுதினேன்."

விசில் சுவரோரத் தராசுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். சரக்கு தீரும்வரை அப்படியே இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அப்புறம் அவன் நெஞ்சில் இன்னொரு கல்லாக உட்கார்ந்தது.

அவள் இரண்டு வரிகளையும் திரும்பச் சேர்த்தாள். திரையில் வரும் சொற்களையும் அவன் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தோதாகத் தமிழில் மாற்றினாள். அவன் முக்காலியில் உட்கார்ந்து, கிளிப்பைக் குத்தி, பட்டனைத் தட்டினான். ப, டி, க், கி, ற, து. படிக்கிறது. பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது. கொட்டகையில் கல் விழும் சத்தம் கேட்டது. எந்தக் கல், எவ்வளவு கனம் என்று அவன் இடுப்புக்குத் தெரிந்தது.

வேலை முடிந்து வாசலுக்கு வந்தபோது அவளுக்கும் வண்டியில் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா கேட்டா என்ன மாமா சொல்றது?"

"செருப்பு வார் சிக்கிக்கிச்சுன்னு சொல்லு."

வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். தெருமுனையில் அவள் நின்று மூச்சு வாங்கினாள். அந்தக் கோடு ரொம்ப மெதுவாகப் போகிறதே, எதையாவது சுருக்கட்டுமா என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணாதே பாப்பா" என்றான் அவன். "மெதுவாவே போகட்டும். நான் உக்காந்துதானே இருக்கேன்."