ஏணிப்பாறைச் சுனைக்குப் பவுடர் போட்டோம்

வணக்கம். எல்லோரும் நன்றாக இருக்கிறீர்களா? வீட்டில் யாருக்கும் சளி காய்ச்சல் இல்லையே? இந்த மழைக்கு வெந்நீர்தான் நல்லது, சோம்பல் படாமல் வைத்துக் குடியுங்கள். எனக்கு முட்டிவலியைத் தவிர ஒன்றும் இல்லை. அதுவும் நானாகத் தேடிக்கொண்டது. எப்படி என்று சொல்கிறேன்.

என் பெயர் விருத்தாம்பாள். செஞ்சியை ஒட்டின சிங்கவரம். முப்பத்தொரு வருஷம் துப்புரவு வேலை, அதில் கடைசி ஆறு வருஷம் மேஸ்திரி. மந்திரி வரட்டும், கலெக்டர் வரட்டும், முந்தின நாள் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். சாக்கடைச் சேற்றை வாருவோம். வாரின சேற்றின் மேல் பிளீச்சிங் பவுடர் தூவுவோம். ரோட்டின் இரண்டு பக்கமும் பவுடரால் கோடு இழுப்போம். என் கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இப்போது பெருமைப்பட என்னிடம் ஒன்றும் இல்லை.

எனக்கு ஒரே பெண், தமிழினி. இரண்டு பேரன்களைப் பெற்றுக் கொடுத்துவிட்டு, வெளியூர்க் கல்லூரியில் பேராசிரியராக இருக்கிறாள். பூச்சி, நண்டு, இறால் இதுகளின் மரபணுவை ஆராய்வது அவள் வேலை. எங்கள் ஊருக்குப் பின்னால் ஏணிப்பாறை என்று ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. அதன் உச்சியில் இரண்டு கட்டில் போடும் அளவுக்கு ஒரு சுனை. மழைக்கு நிறையும், மாசியில் வற்றிவிடும். அதில் நகத்தளவு நீளத்துக்கு ஒரு பிராணி இருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். இறால் சாதியாம். கண்ணாடி மாதிரி உடம்பு. சுனை வற்றினால் செத்துப்போகும், முட்டை மட்டும் சேற்றில் காய்ந்து கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். சுற்றிலும் நாற்பது, ஐம்பது சுனைகளில் தேடிவிட்டாள். வேறு எங்கேயும் இல்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, ஏதோ ஒரு பிராணிக்காக அவள் பாட்டிலோடு பாறை ஏறுவாள், பாட்டிலோடு இறங்குவாள், அவ்வளவுதான்.

போன கார்த்திகையில் போன் செய்தாள்.

"எம்மா, எங்க கருத்தரங்கு வருதில்ல, அதுக்கு வர்றவங்க சனிக்கிழமை காலைல நம்ம சுனைய பாக்க வர்றாங்க. வெளிநாட்டுக்காரங்க ஏழு பேரு, மொத்தம் நாப்பது பேரு."

"நம்ம ஊருக்கா? அதுல இன்னாடி இருக்குது பாக்க?"

"நான் படிச்சதெல்லாம் செத்ததுல எடுத்தது மா. அதோட உடம்புல எழுதியிருக்கிற எழுத்து முழுக்க இப்ப கையில இருக்குது. எந்த எழுத்து இன்னா வேலை செய்யுதுன்னு பாக்கணும்னா உசுரோட வேணும். அவங்க கண்ணால பாத்துட்டா அடுத்த அஞ்சு வருஷத்துக்கு வேலை நடக்கும்."

நான் பாதிதான் கேட்டேன். நாற்பது பேருக்கு இளநீர் யாரிடம் சொல்வது என்று மனசு ஓடிவிட்டது.

மறுநாள் டீக்கடையில் கோதண்டராமன் என்னைப் பிடித்துக்கொண்டார். ஏணிப்பாறை அடிவாரத்தில் அவருக்கு மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலைக் காடு.

"இன்னா விருத்தாம்பா, ஒம் பொண்ணு வெள்ளைக்காரங்கள இட்டாராளாமே? ஊர்ல இருக்கிற குப்பையெல்லாம் வாரிட்டு, ஒங்க பாறை மேல மட்டும் பாசிய வெச்சிருக்கிறியே. மூக்கப் பொத்திக்கினு இறங்கப் போறாங்க."

"அதுக்கு இன்னும் ரெண்டு நாளு கெடக்குது அண்ணே."

"பாக்கலாம், பாக்கலாம்."

அந்தச் சிரிப்பு என்னைத் தூங்க விடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் குஞ்சம்மாளைக் கூப்பிட்டேன். என்னோடு இருபது வருஷம் துடைப்பம் பிடித்தவள்.

"அக்கா, இந்த முட்டிய வெச்சிக்கினு ஏணிப்பாறையா? போற வழியிலயே எமன் வந்து லிப்ட் குடுப்பான்" என்றாள்.

"குடுத்தா ஏறிக்கோ. மொதல்ல பவுடர் மூட்டையத் தூக்கு."

சுனைத் தண்ணீர் கலங்கி, இலை விழுந்து கிடந்தது. உள்ளே பார்த்தேன். நிறைய நெளிந்தன. எல்லாம் மல்லாந்து, காலை மேலே ஆட்டிக்கொண்டு நீந்தின. தண்ணீரில் நெளிவது எல்லாம் கொசுப்புழு என்பதுதான் முப்பத்தொரு வருஷத்தில் நான் படித்த படிப்பு. மல்லாந்து கிடக்கிறதே, சாகப்போகிற புழு என்றுகூட நினைத்தேன். தமிழினியின் பிராணி ஞாபகத்துக்கு வராமல் இல்லை. அதைத்தான் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்விட்டாளே, இவர்கள் அது இருந்த இடத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று கேட்கவில்லை.

தண்ணீரை இறைத்து ஊற்றினோம். அடிச்சேற்றைப் பாறை தெரியும்வரை சுரண்டினோம். வாரின சேற்றைப் பாறைச் சரிவில் குவித்து, வழக்கம்போல அதன் மேலும் பவுடரைக் கொட்டிக் கிளறினோம். தென்னந்துடைப்பத்தால் சுனையைத் தேய்த்தோம். கோதண்டராமனின் போர்செட்டிலிருந்து இருபத்தாறு குடம் தண்ணீர் சுமந்து ஊற்றி, இரண்டு கை பவுடர் போட்டோம். கடைசியில், ஏறிவரும் வழிக்கு இரண்டு பக்கமும் கோடு. அங்கிருந்து பார்த்தால் செஞ்சிக் கோட்டை மூன்று மலையும் தெரியும். அன்றைக்கு அதைவிட எங்கள் சுனை அழகாக இருந்தது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு பஸ் வந்தது. நான் பட்டுப்புடவையில் மேலே நின்றேன். முதலில் தமிழினி ஏறி வந்தாள். நாங்கள் இழுத்த பவுடர்க் கோட்டைப் பார்த்தாள். நடை வேகமானது. பிறகு ஓடினாள்.

சுனை ஓரத்தில் மண்டியிட்டு வலையை விட்டு எடுத்தாள். வெள்ளைத் தட்டில் கவிழ்த்தாள். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை. இன்னொரு முறை. நரைத்த தலை வெள்ளைக்காரம்மா ஒருத்தி குனிந்து தண்ணீரை முகர்ந்து பார்த்து, பக்கத்து ஆளிடம் "குளோரின்" என்றாள். அந்த வார்த்தை எனக்கு நன்றாகவே தெரியும்.

"யாரு இத பண்ணது?" தமிழினி யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

குஞ்சம்மாள்தான் சொன்னாள். "நாங்கதான் பாப்பா. நாலு பேரு வர்ற எடம் சுத்தமா இருந்தா ஒனக்குத்தான கௌரவம். அக்கா முட்டி வீங்கிப்போய் கெடக்குது, பாரு."

"வாரின சேறு எங்கமா?" இப்போது என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்வியில் கொஞ்சம் உயிர் இருந்தது. "சேறு இருந்தா போதும். முட்டை அதுலதான் இருக்கும். எங்க கொட்டின?"

கையைக் காட்டினேன். சரிவில் குவியல் வெள்ளையாகப் பூத்திருந்தது. போனாள். கையை விட்டுத் தோண்டினாள். உள்ளேயும் வெள்ளை. நான்தான் கிளறினேனே. வேலையில் ஓரஞ்சாரம் விடாதவள் என்று எனக்குப் பெயர். அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நாற்பது பேரும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள், துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். ஊர்க்காரர்கள், கிளீனிங், சாரி. இவ்வளவுதான் எனக்குப் பிடிபட்டது. 'மதர்' என்றால் அம்மா என்று எனக்குத் தெரியும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அந்த வார்த்தை வரவில்லை. என்னைக் காப்பாற்றினாளா, மறைத்தாளா? இன்றுவரை நான் கேட்கவில்லை.

இளநீரை ஒருவரும் தொடவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கோதண்டராமன்கூடக் கிண்டல் செய்யாமல் இறங்கிப் போனார். அவர் இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை.

சாயங்காலம் கருத்தரங்கில் அவள் பேச்சு. வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, அதனால் பஸ் பிடித்துப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அவளோடு வேலை பார்க்கும் எழிலரசன். திரையில் எழுத்து எழுத்தாக ஓடியது. நான்கே நான்கு எழுத்து, திரும்பத் திரும்ப, முடிவில்லாமல்.

"இது இன்னா தம்பி?"

"அந்த உயிரோட மரபணும்மா. முழுசா படிச்சாச்சு. ஒரு எழுத்து விடல."

"இத வெச்சி திரும்ப அத பண்ண முடியுமா?"

"முடியாதும்மா."

கடைசிப் படத்தில் எங்கள் சுனை, கலங்கின பழைய சுனை. கீழே ஒரு வரி. இது இருக்கும் ஒரே இடம் என்று முன்பு எழுதியிருந்தாளாம். மத்தியானம் அதை 'இருந்த' என்று மாற்றினாளாம். எழிலரசன்தான் படித்துச் சொன்னார். கூட்டம் கை தட்டியது.

இந்தக் கருத்தரங்குக்குப் பிறகு அவளுக்கு வரவேண்டிய அஞ்சு வருஷ வேலை வரவில்லை. அவள் என்னோடு பேசாமல் இல்லை. தினமும் போன் செய்கிறாள், சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்கிறாள். சுனையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. ஏசிவிட்டால் நான் அழுது முடித்திருப்பேன்.

அந்தக் குவியலின் அடிமண்ணை இரண்டு கூடை வாரி வந்து, ஏழெட்டு முறை அலசி, அகலத் தொட்டியில் வைத்திருக்கிறேன். வெயிலில் காயவிட்டு, மழைத் தண்ணீரை மட்டும் ஊற்றுகிறேன். இது மூன்றாவது தடவை. காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். நேற்று ஏதோ நெளிந்தது. ஓடிப்போய்க் குனிந்தேன். கொசுப்புழு. முப்பத்தொரு வருஷம் கொன்றவள், வித்தியாசத்தை இப்போதுதான் கற்றிருக்கிறேன்.

உங்கள் ஊரிலும் பாறை இருக்கும், சுனை இருக்கும். மேல்சித்தாமூர் பக்கமோ, சீயமங்கலம் பக்கமோ, இன்னும் தள்ளியோ. மழை விட்டதும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். நகத்தளவு, கண்ணாடி உடம்பு, மல்லாந்து நீந்தும். கையை விடவேண்டாம், சுத்தம் செய்யவேண்டாம். பார்த்தால் எந்த ஊர், எந்தப் பாறை, எத்தனை இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். இல்லை என்றாலும் இல்லை என்று எழுதுங்கள். என்னை மாதிரி நல்லது என்று நினைத்து நீங்களும் ஏதாவது செய்திருந்தால், அதையும் எழுதுங்கள். ஒன்று விடாமல் படிப்பேன்.