ஒன்பது மணி அலாரம்

காலை எட்டே காலுக்கு, போனில் பாதுகாப்பு ஆப்பைத் திறந்து வேறெதையோ தேடும்போதுதான் விஜயலெட்சுமி அந்தப் படத்தைப் பார்த்தாள். சவுக்கு மரக் கிளையில் கறுப்பாக, முறம் அகலத்துக்கு ஒரு குளவிக்கூடு; மலைத்தேனீக்குத் தோட்டத்தில் அந்தப் பேர்தான். ‘எட்டாம் நம்பர் மலை. ஆள் போடக் கூடாது’ என்று கீழே எழுதியிருந்தது. நேற்று பின்னேரம் போட்டது. இன்று காலைப் பெரட்டில், ஆள் பிரிக்கும்போது, பதினாறு பெண்களுக்கு அதே மலை என்று பேர் பதிந்தவள் அவள்தான். பதினாறில் ஒருத்தி அவள் அம்மா ரெங்கம்மா.

பதுளைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் அவள் கிளார்க். ஆள் பதிய ஒரு ஆப், கொழுந்து நிறைக்கு ஒன்று, மருந்தடிக்க ஒன்று, மழைக்கு ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று. அதோடு துரைக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், கொழும்புத் தலைமை ஆபீசுக்கு இன்னொன்று. ஒன்றில் இருப்பது மற்றதுக்குத் தெரியாது. பாதுகாப்பு ஆப்பை இன்றைக்கு முன் அவள் திறந்து ஒன்பது நாளாகியிருந்தது. பாஸ்வேர்டை மாற்று என்றது, இன்று காலைவரை மாற்ற நேரமில்லை. போன கிழமை ஆள் கணக்கை ஒன்பது மணிக்கு ஏற்ற மறந்ததற்கு துரை ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி ஏசினார். போனை வாங்கி அவரே அலாரம் வைத்தார், ஆகக் கூடின சத்தத்தில்.

மலை வேலையைப் பார்க்கிற நிஷாந்துக்குப் போன் எடுத்தாள்.

“எட்டுல கூடு இருக்குன்னு ஏண்ணே சொல்லல?”

“ஆப்ல போட்டேனே புள்ள.”

“வாயில ஒரு வார்த்த சொன்னா என்ன?”

“குரூப்ல போட்டா, அதுக்குத்தான் ஆப் இருக்கேன்னு தொர ஏசுறாரு. ஐயோ... ஆள் போட்டுட்டியா?”

அவள் போனைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். அந்த மலையில் சிக்னல் கிடையாது.

தூறலில் குறுக்குப்பாதை வழுக்கியது. ரெண்டு வருசத்துக்கு முன் குளவி கொட்டி, பக்கத்து லயத்து வீட்டு அக்கா ஒருத்தியைச் சாக்கில் போட்டுத் தூக்கி வந்தார்கள். கண் இருந்த இடம் தெரியாமல் முகம் வீங்கிக் கிடந்தது. உயிர் போன பிறகும் ரெங்கம்மாதான் உட்கார்ந்து ஒவ்வொரு கொடுக்காகப் பிடுங்கினாள். யாரோ கத்தியதில்தான் கூடு கலைந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

அதனால் மலை ஓரத்துக்கு வந்ததும் ஓட்டத்தை நிறுத்தினாள். மூச்சைக்கூட அடக்கினாள். மூடுபனி மரங்களைப் பாதிக்கு மேல் மறைத்திருந்தது.

“அடியே பாருங்கடி, கிளார்க்கம்மா கொழுந்தெடுக்க வந்துட்டா! கூட எங்கடி?” என்று ஒருத்தி கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

விஜயலெட்சுமி வாயில் விரல் வைத்து, மற்றக் கையால் கீழே பனிக்குள் நின்ற சவுக்கு மரக் கிளையைக் காட்டினாள். சிரிப்பு பட்டென்று நின்றது. யாரும் எதுவும் கேட்கவில்லை. குனிந்து, கூடை செடியில் உரசாமல் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக அவள் நின்ற பக்கம் மேலே ஏறினார்கள். எண்ணினாள். பதினைந்து.

ரெங்கம்மா கடைசி நிரையில், சவுக்கு மரத்தடியில், முதுகைக் காட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட முடியாது. விஜயலெட்சுமி செடிகளுக்கு நடுவே இறங்கினாள். பாதி தூரத்தில்தான் அலாரம் ஞாபகம் வந்தது. போனை எடுத்தாள். எட்டு ஐம்பத்தொன்பது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர், விரல் படவில்லை. பாவாடையில் துடைத்தாள், பாவாடை அதைவிட ஈரம். பக்கத்துப் பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். நிறுத்தவா என்று கேட்டது. ஆமாம், ஆமாம் என்று ஈர விரலால் தேய்த்தாள். அது அசையவில்லை.

ரெங்கம்மா திரும்பினாள். மகளின் முகத்தைப் பார்த்து, என்ன என்பது போல் நாடியை உயர்த்தினாள்.

விஜயலெட்சுமி போனைச் சால்வையில் சுருட்டி வயிற்றோடு அமுக்கிக்கொண்டு, சேற்றில் குந்தி மடங்கினாள். அலாரம் வயிற்றுக்குள்ளிருந்து அடித்தது.

ரெங்கம்மாவின் கை, பறித்த கொழுந்தோடு அப்படியே நின்றது. பனி விலகிய கிளையில், கூட்டை மூடிய குளவிகளின் கறுப்புத் தோல் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒருமுறை சிலிர்த்தது.