மூன்றாம் இயந்திரத்தின் அதிர்வு

"முழங்கைய முதல்ல மடக்குடி," என்றாள் அம்மா.

மகள் அப்பாவின் விறைத்த கையை மெல்லச் சட்டைக்குள் நுழைத்தாள். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார்.

முப்பத்தோரு வருடம் நீர்மின் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். அங்கேதான் இப்போது அவள் இன்ஜினீயர். அணை கட்டிய காலத்து மூன்று இயந்திரங்களையும் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்ட வேண்டும் என்று அறிக்கை கொடுத்தவளும் அவள்தான். அறிக்கை எழுதத் தொடங்கியதிலிருந்து, இந்த இரண்டு மாதமாக, அப்பா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தான் ஓட்டிய இயந்திரத்தைப் பெற்ற மகளே தூக்கிப் போடுகிறாளே என்ற கோபம் என்று நினைத்தாள். அவளும் வீம்பாக இருந்துவிட்டாள்.

மதியம் போர்மேன் வந்தார். அப்பாவோடு ஒரே ஷிப்டில் இருந்தவர். அப்பாவின் கால்மாட்டில் சற்று நின்றுவிட்டு அவளை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"அறிக்கையில பழைய அதிர்வு அளவெல்லாம் சேர்த்தியே, அந்த நோட்டு யாரோடதுன்னு தெரியுமா?"

"ரெக்கார்டு ரூம்ல கெடச்சதுன்னு நீங்கதானே மாமா குடுத்தீங்க?"

"குடுத்தது நான். எழுதினது உங்கப்பன். மூணாம் மிஷின் ஆடுறது மேல தெரிஞ்சா நிறுத்திடுவாங்கன்னு, அப்ப இருந்த ஆபீசருங்க பதிவேட்டுல கம்மியா எழுதச் சொன்னாங்க. வேலை போயிடும்னு எழுதினான். வீட்டுக்கு வந்து நெசத்த நோட்டுல எழுதி வெச்சான். உங்கிட்ட சேர்க்கச் சொன்னதும் அவன்தான்."

அவளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. நோட்டையும் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சாப்பிடும்போது அவள்தான் சொன்னாள்: "எத்தன உயிர் போயிருக்கும்? இப்படிப் பொய் எழுதின ஆளெல்லாம் மனுஷனா?" அப்பா பாதியில் எழுந்து கை கழுவப் போனார். பசியில்லை என்றார்.

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் நெனச்சான். உன் மூஞ்சியப் பாக்க முடியலன்னான்."

போர்மேன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

"என்னடி சொன்னாரு?" என்றாள் அம்மா.

"அப்பா வேலையில ரொம்பக் கவனமா இருப்பாருன்னு சொன்னாரு."

"அது எனக்குத் தெரியாதா."

அம்மா அப்பாவின் தலைமாட்டில் போட்டிருந்த பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டாள். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.