சாம்பல்சிறகுக்கு ஜலதோஷம்

மூடுபனித் துறையில் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தரும் பாடம் ஒன்றே ஒன்றுதான்: உங்களுக்கு வெளியுலகம் தெரியாது. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வரும் கூட்டத்தில் யாராவது செல்போனை நீட்டினால், "கைக்குள்ள ஒரு ஜன்னல் வச்சிருக்கீங்களே, அந்தப் பக்கம் மழையா?" என்று கேட்க வேண்டும். சட்டையில் சினிமா வீரன் படத்தோடு ஒரு பொடியன் வந்தால், "இவரு உங்க மாமாவா? மூக்கு அப்படியே இருக்கே" என்று சொல்ல வேண்டும். துறை இருந்த கேளிக்கைப் பூங்காவின் மற்றப் பகுதிகளில் ராட்டினங்கள் இருந்தன, தலைகீழாகக் கவிழ்க்கும் ரயில் இருந்தது. துறையில் ஒரு மரப்பாலம், சில படகுகள், வலை காயும் கம்பங்கள், பகலெல்லாம் மூடுபனி. அங்கே வசிக்கும் எல்லோரும் எங்கிருந்தோ அலையில் வந்து ஒதுங்கியவர்கள் என்பது கதை. எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததில்லை. பூங்காக்காரர்களே உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய ஊர்.

அந்த ஊருக்குள்தான் சாம்பல்சிறகு வந்து இறங்கியது.

சாம்பல்சிறகைத் தெரியாத குழந்தை உலகத்தில் இல்லை. எட்டுப் புத்தகம், ஐந்து படம், பென்சில் டப்பா, போர்வை, பல்துலக்கி. பேருந்து நீளத்துக்குச் சிறகு முளைத்த விலங்கு. பூங்காவுக்குக் கூட்டம் குறைந்ததும் நிர்வாகம் அதன் உரிமையை விலைக்கு வாங்கியது. லாரியில் தலை தனியாக, உடல் தனியாக, வால் தனியாக வந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே, இடத்தை அளந்து பார்க்க உரிமைக்காரர்கள் ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள்.

அவள் வேலை சரிபார்ப்பது. சாம்பல்சிறகின் கண் எந்தப் பச்சை, வாய் எவ்வளவு திறக்கலாம், யாரைப் பார்த்துத் தலை குனியக் கூடாது என்பதற்கெல்லாம் விதி உண்டு. வண்ண அட்டைக் கொத்து ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்ததால் துறைக்காரர்கள் அவளுக்கு 'அட்டை' என்று பெயர் வைத்தார்கள். "அட்டைன்னா ஒட்டிக்கிட்டா விடாததும்தானே" என்று ஒருத்தர் சொல்ல, சிரிப்பு வெகுநேரம் அடங்கவில்லை. அவள் ஒட்டிக்கொள்ளத்தான் செய்தாள். அளவெடுக்க வந்து போன அந்த வருடத்தில் பூங்காவின் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டு, ஐந்து பழைய புத்தகங்கள் இருந்த ஒரு பெட்டியோடு அவன் வீட்டில் குடிபுகுந்தாள்.

வீட்டில் சுண்டு இருந்தாள். மெக்கானிக்கின் மகள், பதினோரு வயது. பெற்றவள் அவளுக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டாள். சுண்டு முகத்தைச் சுளிக்கவில்லை, கதவை அறையவில்லை, எதையும் போட்டு உடைக்கவில்லை. புதிதாக வந்தவளிடம் நேராகப் பேசவில்லை, அவ்வளவுதான்.

"அப்பா, குழம்புக்கு உப்பு பத்தலைன்னு சொல்லுங்க."

"பக்கத்துலதானே நிக்கிறா, நீயே சொல்லேன்."

"நீங்க சொல்லுங்க."

மெக்கானிக் திரும்பி, "உப்பு பத்தலையாம்" என்பான். அவள், "நாளைக்குச் சேத்துப் போடறேன்னு சொல்லுங்க" என்பாள். இரண்டு மாதமாக அந்த வீட்டில் தபால்காரன் வேலையும் அவன்தான் பார்த்தான்.

பள்ளி விடுமுறையில் ஊழியர்களின் பிள்ளைகள் துறையின் உடுப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடியாடலாம். சுண்டு தவழ்ந்த நாளிலிருந்து அங்கே ஒதுங்கியவள். ஒருநாள் அவள் சாக்கு உடுப்பும் கயிற்று பெல்ட்டுமாக வந்து, அட்டைக் கொத்தோடு நின்றவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு நீங்க? புதுசா இருக்கீங்க?"

அவள் தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு புரிந்தது. துறையில் வெளியுலகம் கிடையாது. வீடும் கிடையாது.

"நேத்து அலையில வந்தேன்" என்றாள்.

"அதான் நடுங்குறீங்க. வெயில்ல உக்காருங்க. வலை பிரிக்கத் தெரியுமா?"

"தெரியாதே."

"ஐயோ பாவம். ஒண்ணுமே தெரியாம எதுக்கு ஒதுங்கினீங்க? வாங்க, சொல்லித்தரேன்."

அன்றிலிருந்து புதிதாக வந்தவளுக்கு விடிவதே துறைக்குப் போகத்தான். வீட்டில் "அப்பா, சொல்லுங்க." துறையில் "இங்க பாருங்க, இப்படி முடிச்சு போடணும்." இரண்டும் ஒரே வாய்தான். அந்த இன்னொரு குரல் ஒருநாள் வீட்டுப் படியேறி வந்துவிடாதா என்று அவள் ஏங்கினாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் அதே சுண்டு சாம்பல்சிறகின் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுப்பதில்லை. துறையில் யாருக்குமே அதைப் பிடிக்கவில்லை. ஊழியர் சாப்பாட்டுக் கூடத்தில் தோணிக்காரி வேஷம் கட்டும் பெண்மணி முகப்பூச்சைக் கூடக் கழுவாமல் சண்டைக்கு வந்தாள்.

"வீட்டோட மாப்பிள்ளை மாதிரி நடுக்கூடத்துல படுத்திருக்கான் உன் ஆளு. துரும்பைக் கிள்ளிப் போடறதில்ல. எல்லாரும் அவனைத்தான் பாக்கணும்."

"குழந்தைங்க அவனைப் பாக்கத்தானேக்கா வரப்போறாங்க?"

"வரட்டும்மா. எங்க ஊருக்கு ஒண்ணும் தெரியாம வரலாம். பாலத்துல கால வச்சா போதும், கதை ஆரம்பிச்சிடும். உன் ஆளைப் பாக்க எட்டுப் புத்தகம் படிச்சிட்டு வரணும். படிக்காத குழந்தை என்ன பண்ணும்? வெளிய நின்னு வேடிக்கை பாக்குமா?"

தோணிக்காரி சொன்னதில் தப்பு இல்லை என்று அவளுக்கே பட்டது.

பதில் ஒரு குழாயிலிருந்து வந்தது. துறையின் மூடுபனியை உண்டாக்குகிற இயந்திரம் படகுக் கொட்டகைக்குள் ஒளிந்திருந்தது. அதன் குழாய் தரைக்கடியில், இப்போது சாம்பல்சிறகு படுத்திருக்கும் இடத்தின் வழியாகப் போனது. சாம்பல்சிறகைத் திறக்கும் முன், சோதனை ஓட்டத்துக்காகக் கொஞ்சம் குடும்பங்களை உள்ளே விட்டிருந்த நாளில், மெக்கானிக் மாட்டிய இணைப்பு ஒன்று கழன்றுகொண்டது. புகையெல்லாம் அந்த உள்ளீடற்ற வயிற்றுக்குள் ஏறி, கழுத்து வழியாக நகர்ந்து, இரண்டு மூக்குத் துவாரங்களிலிருந்தும் மெள்ள ஒழுகத் தொடங்கியது. சினிமாவில் ஊர்களை எரித்த விலங்கு, ஆவி பிடித்துவிட்டு எழுந்தவனைப் போல் பரிதாபமாகப் படுத்திருந்தது. கூட்டம் என்ன நினைப்பதென்று தெரியாமல் பார்த்தது.

வலை பின்னிக்கொண்டிருந்த சுண்டு நிமிர்ந்தாள்.

"ஓ, இவருக்கு ஜலதோஷமா? அதான் நம்ம துறையில எந்நேரமும் மூடுபனி!"

தோணிக்காரி துடுப்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தாள். முப்பது வருட நடிப்பு அவள் இடுப்பில் வந்து நின்றது. "நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன், தலையைத் துவட்டுய்யான்னு. கேட்டாத்தானே!"

சிரிப்பு வெடித்தது. சாம்பல்சிறகைப் பற்றி எதுவுமே தெரியாத மூன்று வயதுக் குழந்தை ஒன்று அப்பாவின் தோளிலிருந்து இறங்கிப் போய், தன் கைக்குட்டையை அதன் நகத்தின் மேல் வைத்துவிட்டு ஓடி வந்தது.

சரிபார்க்க வந்தவளும் வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் கழுத்தில் தொங்கிய அட்டைக் கொத்து கனத்தது. விதிப்படி சாம்பல்சிறகுக்கு நோய் வராது. அது யாருக்கும் பயன்படாது, யாருடைய பரிதாபத்துக்கும் ஆளாகாது. மெக்கானிக் மறுநாளே குழாயைச் சரிசெய்யக் கிளம்பியபோது துறைக்காரர்கள் எல்லோரும் அவனை மறித்துக்கொண்டார்கள். நேற்று வரை மாப்பிள்ளை என்று திட்டியவர்கள், "நம்ம ஆளுக்கு மூக்கை அடைச்சிடாதீங்க" என்றார்கள்.

முடிவு அவள் கையில் இருந்தது. வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால், துறையில் நின்று சுண்டுவின் வாயை அடைக்கப் போகிறவளும் அவள்தான். சுண்டு தன்னோடு பேசுகிற ஒரே இடத்தில்.

உரிமைக்காரர்களின் அலுவலகத்திலிருந்த தன் மேலதிகாரிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"மறைக்க விரும்பலைங்க. ஆனா நிறுத்தச் சொல்லவும் எனக்கு மனசு வரல. நீங்க வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

"இதுல பாக்க என்ன இருக்கு? அது நம்ம சாம்பல்சிறகே இல்ல" என்றார் மேலதிகாரி. எரிந்து விழும் பெண்மணி அல்ல, எதையும் நிதானமாகச் சொல்கிறவர்.

"நான் சின்ன வயசுல படிச்சதும் நம்ம சாம்பல்சிறகு இல்லைங்க. விடுதியில மொழிபெயர்ப்புலதான் படிச்சேன். அதுல அவர் எதுக்கெடுத்தாலும் முணுமுணுப்பார். முழங்கால் வலிக்குதும்பார். பெரியவளாகி மூலத்தைப் படிச்சா, அவர் வாயே திறக்கல. மலை மாதிரி நிக்கிறார். எனக்கு யாரோ மாதிரி இருந்துச்சு. நான் இந்த வேலைக்கு வந்ததே முணுமுணுத்தவருக்காகத்தான்."

மேலதிகாரி நாட்காட்டியைப் புரட்டும் சத்தம் கேட்டது. "சாம்பல்சிறகு திறப்பு விழாவுக்கு முன்னால வரேன். எனக்குச் சரின்னு படலைன்னா அன்னைக்கே நிறுத்தணும். அப்புறம் உன்னையும் இங்க வச்சிருக்க முடியாதும்மா, வேற பூங்காவுக்குத்தான் அனுப்புவாங்க. யோசிச்சுக்கோ."

யோசித்தாள். மெக்கானிக்கிடம் சொன்னாள். அவன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடியே, "அந்த இணைப்பை நான் ஒழுங்கா மாட்டியிருந்தா இவ்வளவு வந்திருக்காது" என்றான். கொஞ்சம் கழித்து, "ஒழுங்கா மாட்டாம விட்டதும் நல்லதுதான்" என்றான்.

மேலதிகாரி ஒரு முற்பகலில் வந்தார். துறையின் ஒழுங்குப்படி யாரும் அவரை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தோணிக்காரி அவரையும் படகில் ஏற்றி, அவர் கையிலிருந்த குடையைப் பார்த்து, "துடுப்பு ரொம்பச் சின்னதா இருக்கே தாயி" என்று பரிதாபப்பட்டாள். அவர் சிரிக்கவில்லை. நேராகச் சாம்பல்சிறகின் முன் போய் நின்று, புகை ஒழுகும் மூக்கை வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்திருந்த சுண்டுவிடம் குனிந்தார்.

"பாப்பா, இவரு இந்த ஊருக்காரர் இல்ல தெரியுமா? இவருக்குன்னு வேற ஊரு இருக்கு. வேற கதை இருக்கு."

இரண்டடி தள்ளி நின்ற அவள் அட்டைக் கொத்தைப் பிடித்துக்கொண்டாள். தெரியாது என்றுதான் துறைக்காரி சொல்ல வேண்டும். சொன்னால், இது நம்ம சாம்பல்சிறகே இல்லை என்று மேலதிகாரி நினைப்பதே நிஜமாகிவிடும்.

சுண்டு முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியுமே. அவரே சொன்னாரு. கொதிசீமையில பெரிய சண்டையாம். இடது சிறகுல ஈட்டி பட்டு கடல்ல விழுந்துட்டாராம். மூணு குளிர்காலம் கழிச்சுத்தான் திரும்பிப் போனாராம். போனதும் எல்லாரும் மாலை போட்டாங்களாம், கட்டிப் பிடிச்சாங்களாம். ஆனா இத்தனை நாள் எங்க இருந்தே, எவன் உனக்குச் சோறு போட்டான்னு ஒருத்தர்கூட கேக்கலையாம்." முடிச்சை இழுத்து இறுக்கினாள். "இங்கதான் இருந்தாரு. கடல்தண்ணி மூக்குல ஏறிடுச்சு. நாங்கதான் பாத்துக்கிட்டோம்."

மேலதிகாரி மெதுவாக நிமிர்ந்தார்.

அவள் சுண்டுவையே பார்த்தாள். படத்தில் மூன்று குளிர்காலம் கிடையாது. படத்தில் சாம்பல்சிறகு விழும், அடுத்த காட்சியிலேயே எழும். அந்த இடைவெளி நான்காம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கும் ஐந்தாம் புத்தகத்தின் முதல் பக்கத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது. கொதிசீமை என்ற சொல்லோ மூலத்திலும் இல்லை, படத்திலும் இல்லை. மொழிபெயர்த்தவர் தானாக உண்டாக்கியது. அது இருப்பது ஓரம் கிழிந்த, விடுதி முத்திரை குத்திய ஐந்து புத்தகங்களில். அவை இருப்பது அவள் கட்டிலுக்கடியில், ஒரு பெட்டியில்.

மேலதிகாரி அவள் பக்கம் வந்தார். அவள் கழுத்திலிருந்த கொத்திலிருந்து பச்சை அட்டை ஒன்றை உருவி, தூரத்தில் தெரிந்த கண்ணோடு வைத்துப் பார்த்தார்.

"கண்ணுல பச்சை ஒரு சாயல் கூடிப்போச்சு. மாத்திடு" என்றார். "மத்தபடி எனக்கு ஒண்ணும் தெரியல." பாலத்தில் பாதி தூரம் போனவர் திரும்பி, "மூணு குளிர்காலம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

சாயங்காலம் வீட்டுச் சமையலறையில் மெக்கானிக் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவள் பட்டாணி உடைத்துக்கொண்டிருந்தாள். சுண்டு பள்ளிச் சீருடைக்குப் பட்டன் தைக்க ஊசியோடு வந்து கதவில் சாய்ந்தாள்.

"ஆறாவது எங்க? பெட்டியில அஞ்சுதான் இருக்கு."

மெக்கானிக் பழக்கதோஷத்தில் அவள் பக்கம் திரும்பினான். "ஆறாவது எங்கன்னு கேக்குறா..."

"அப்பா, நான் உங்ககிட்ட கேக்கல."

அவன் வெங்காயத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வர அவனுக்கு அன்று நல்ல சாக்கு இருந்தது.

அவள் விரலிலிருந்த பட்டாணி உருண்டு தரையில் விழுந்தது. "ஆறாவது நம்ம மொழியில வரவே இல்ல, சுண்டு. மொழிபெயர்த்தவர் அஞ்சோட நிறுத்திட்டாரு. என்கிட்ட மூலம் இருக்கு."

"அப்ப நீங்க படிச்சுச் சொல்லுங்க."

"இப்பவா?"

"பட்டாணிய அப்பா உடைப்பாரு, அதுக்குக் காது வேணாமே. கைதானே வேணும்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். முதல் வரியிலேயே தடுக்கியது. "இங்க ஒரு வார்த்தை. பனி இன்னும் விழல, ஆனா விழப்போகுதுன்னு காத்துல ஒரு வாசனை வருமாம். அதுக்கு அவங்ககிட்ட ஒரே வார்த்தை இருக்கு."

"நம்மகிட்ட?"

"இல்லையே."

சுண்டு ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு யோசித்தாள். "மூக்குக்கு மட்டும் முன்னாடியே வந்துட்ட பனி."

"ரொம்ப நீளமா இருக்கே."

"இருந்துட்டுப் போகட்டும் சித்தி. மேல சொல்லுங்க."