பந்திங்கிலிருந்து வந்த கறுப்பு மண்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நாஜியா ஓவிய வகுப்பு நடத்தினாள். மண்ணைக் காப்பது பற்றி ஒரு கண்காட்சி வைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. கீழே இருந்த கூடத்தை வாடகைக்கு எடுத்து, சாயமே சேர்க்காமல் வெறும் மண்ணால் தரை முழுக்க விரிந்த கை ஒன்றை வரைந்தாள். விரல்களுக்குச் செம்மண், உள்ளங்கைக்குக் கறுப்பு மண். லோரிக்கார வாசுதான் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டியவன்.

திறந்த அன்று நல்ல மழை. சேலைக் கடைப் பையோடு மழைக்கு ஒதுங்கிய ஓர் அம்மாள் ஓவியத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறினார். நாஜியா ஓடினாள்.

"ஆன்டி, தொடாதீங்க லா, கலைஞ்சிடும்!"

அந்த அம்மாள் கையை நீட்டினார். மண்ணோடு சிப்பி ஓட்டுத் தூளும் ஒரு நீலக் கயிற்றுத் துண்டும் இருந்தன.

"இது என் மண்ணும்மா."

"ஆமா ஆன்டி, நம்ம எல்லாரோட மண்ணு. அதைத்தான் நானும் சொல்ல வரேன்."

"எல்லாரோடதும் இல்ல. என்னோடது."

அவர் பெயர் நல்லம்மாள். பந்திங் என்ற ஊரில் குத்தகை நிலத்தில் பாகற்காய் போட்டவர். சிப்பி ஓட்டை இடித்து உரமாகப் போட்டதும், நீலக் கயிற்றில் பந்தல் கட்டியதும் அவர்தான். கிடங்கு கட்டவேண்டும் என்று நிலத்துக்காரர் இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மறுவாரமே இயந்திரம் வந்து மேல்மண்ணைச் சுரண்டி லோரியில் ஏற்றியது. "எங்க போவுதுன்னு கேட்டேன். ஒருத்தரும் சொல்லல."

நாஜியா வாசுவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, நல்ல கறுப்பு மண்ணு வேணும்னு நீங்கதான கேட்டீங்க? ஏதாச்சும் ஒரு நெலத்துல எடுக்காம அது எங்கேருந்து வரும்?"

போனைக் காதிலிருந்து எடுத்து நிமிர்ந்தாள். தலைக்கு மேல் 'மேல்மண்ணைக் காப்போம்' என்ற பதாகை தொங்கியது. அவளே எழுதியது.

"அழிச்சிடட்டுமா ஆன்டி?"

"ஏன் அழிக்கற? அழகா இருக்கு." நல்லம்மாள் எழுந்து நின்று பார்த்தார். "பாக்கப் பாக்க வயிறு எரியுது. ஆனா அழகாதான் இருக்கு."

"திரும்ப அங்கேயே கொண்டுபோய்க் கொட்டிடறேன்."

"எங்க கொட்டுவ? சிமெந்து போட்டாச்சு."

கோபமா, வருத்தமா என்று அந்த முகத்திலிருந்து கண்டுகொள்ள முடியவில்லை. நல்லம்மாளிடம் கேட்டுக்கொண்டு நாஜியா ஓர் அட்டை எழுதி ஓவியத்தருகே வைத்தாள்: 'இது நல்லம்மாளின் தோட்டத்து மேல்மண். அவரைக் கேட்காமல் எடுத்தது.' அதைப் படித்தவர்களில் சிலர் அவளிடம் சண்டைக்கு வந்தார்கள். சிலர் அதையும் ஓவியத்தின் பகுதி என்று நினைத்து, பிரமாதமான யோசனை என்று கைகுலுக்கினார்கள். யாரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் எல்லோருக்கும் தலையாட்டினாள்.

கண்காட்சி முடிந்ததும் பண்டமாரானில் நல்லம்மாளின் மகள் வீட்டுப் பின்புறத்தில் வாசுவின் லோரி மண்ணைக் கொட்டியது. செம்மண்ணும் கறுப்பும் கலந்து நிறமே மாறியிருந்தது. நல்லம்மாள் மண்வெட்டியால் அதைப் பரப்பினார்.

"பழையபடி காய்க்குமா ஆன்டி?"

"தெரியலையே. போட்டுப் பாக்கணும்."

திரும்பும் வழியில் கிள்ளானிலிருந்து ஓர் ஆசிரியை போனில் கூப்பிட்டார். அதே ஓவியத்தைத் தங்கள் பள்ளியில், இன்னும் பெரிதாக வரைய முடியுமா? பிள்ளைகளுக்கு மண்ணின் அருமை தெரியட்டும் என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் நாஜியாவை இன்னும் குழப்பியது.

"யோசிச்சுச் சொல்றேன், டீச்சர்" என்று போனை வைத்தாள்.