வயர் இல்லாத பட்டை

மச்சான் வாங்கி வந்திருந்த மணிக்கட்டுப் பட்டையில் வயர் கிடையாது. அதுதான் அதன் விசேஷமாம். உடம்பில் சேர்ந்து கணினிப் பாகங்களைக் கருக்கிவிடும் நிலைமின்சாரத்தைக் கம்பி வழியாக இறக்கிவிடுவதுதான் அந்தப் பட்டைக்கு இருக்கும் ஒரே வேலை. கம்பியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ரப்பர் வளையல். அதை மாட்டிக்கொண்டு, கம்பளிச் சட்டையும் கம்பளிக் காலுறையுமாக, கணினிப் பெட்டியின் முன்னால் தரைக் கம்பளத்தில் அறுவைச் சிகிச்சை நிபுணரைப் போலச் சம்மணமிட்டார்.

அவன் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் குடும்பத்தில் அவனுக்குத் தங்கமான மாப்பிள்ளை என்று பெயர். ஏழு வருடம் வாயைத் திறக்காமல் சம்பாதித்த பெயர்.

மனைவி வரைந்த பள்ளிக்கூடக் கட்டட வரைபடம் நான்கு மணிக்குள் போயாக வேண்டும். அவளை நம்பி வந்த முதல் வேலை. கோப்பு பெருத்துப்போய், திறக்கும்போதெல்லாம் கணினி உறைந்து நின்றது. அதற்காகத்தான் நினைவகத்தைக் கூட்டும் புது ரேம். ஒன்றே போதும், இரண்டாக வாங்கியது மச்சானின் பெருந்தன்மை.

"பாத்துப் பண்ணுண்ணே," என்றாள் மனைவி.

"எத்தன வீடியோ பாத்திருக்கேன் தெரியுமா? பட்டை வேற போட்டிருக்கேன்ல?"

கம்பளத்தில் காலைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து, ரேமை உறையிலிருந்து உருவி, அதன் தங்க நிறப் பற்களிலேயே விரலை வைத்துக்கொண்டு பெட்டிக்குள் இருந்த போர்டை நெருங்கினார். டிக். சின்னதாக ஒரு நீலப் பொறி. அவன் பார்த்தான். மச்சான் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியதைப் பார்க்காமலிருப்பது அவருக்குக் கூடப்பிறந்த வரம்.

பொத்தானை அழுத்தியதும் கணினி மூன்று முறை கத்தியது. திரை கருப்பாகவே கிடந்தது.

"கடைக்காரன் டூப்ளிகேட்ட தலைல கட்டிட்டான்," என்று தீர்ப்பு வந்தது.

புது ரேமைக் கழற்றியதும் கணினி பழையபடி ஓடியது. கோப்பைத் திறந்ததும் பழையபடி உறைந்தது. மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். மச்சான் இரண்டாவது உறையை எடுத்தார்.

அவனுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. வாயைத் திறந்தால் ஏழு வருட நற்பெயர் போகும். திறக்காவிட்டால் இன்னொரு ரேம் போகும். ரேமாவது கடையில் கிடைக்கும் என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. பிறகு தவறிப்போய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"மச்சான், கைய எடுங்க."

நாற்காலி பேசியிருந்தால்கூட மச்சான் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார்.

"என்ன மாப்ள, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"அந்தப் பட்டையால ஒரு பிரயோஜனமும் இல்ல. கம்பளத்துல தேச்சு ஏத்துன கரண்டெல்லாம் உங்க விரல் நுனிலதான் நிக்குது."

பெட்டியைத் தூக்கி மர மேசையில் வைத்தான். வெறுங்காலோடு, கம்பளம் இல்லாத தரையில் நின்றான். பெட்டிக்குள் பெயின்ட் அடிக்காத இரும்பில் இடக்கையை ஊன்றி, அதை எடுக்காமலே, ரேமை ஓரங்களில் மட்டும் பிடித்துச் செருகினான். அவ்வளவுதான் வித்தை.

கத்தல் இல்லை. திரை வெளிச்சமானது. கோப்பு திறந்து, பள்ளிக்கூடம் தூண் தூணாக எழுந்தது.

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்," என்றார் மச்சான்.

மனைவி வேலையில் இறங்கினாள். திரும்பாமலே கேட்டாள்.

"மொதல் ரேம் போறப்பவே தெரியுமா உங்களுக்கு?"

அவன் காலி உறையை எடுத்து நான்காக மடித்தான்.

"தெரிஞ்சேதான் நின்னு வேடிக்க பாத்தீங்களா?"

மச்சானுக்கு உயிர் வந்தது. "அதானே! ஒரு வார்த்த சொன்னா கொறைஞ்சா போயிடுவீங்க?"

"நாலு மணி ஆகட்டும்," என்றாள். "ரெண்டு பேரையும் கவனிச்சுக்கறேன்."

மணி மூன்று பத்து. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சோபாவின் இரண்டு முனைகளில் போய் உட்கார்ந்தார்கள்.