பஞ்சு தின்ற ஆமை

ஐம்பத்தைந்தாம் வருஷம். என் மாமியார் செத்து ஒரு வருஷம் ஆகியும் எனக்கு அவள்மேல் கோபம் தீரவில்லை. வடகரப்பதியிலிருந்து உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல், நான் சமைத்ததை அவள் ஒரு நாளும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டதில்லை. தட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்.

கடற்கரையில் பிறந்தவள். ஆமைக்கறி என்றால் உயிர். அதனால் அவள் திதிக்குப் படைக்க, கம்பம்மெட்டுக் கருவாட்டு வியாபாரி மத்தியாஸிடம் சொல்லி உப்புப் போட்ட ஆமைக்கறி வரவழைத்தார் என் வீட்டுக்காரர் அழகுமலை. அன்றைக்குப் பார்த்து முதலாளி அவரை ஏலக்காய் மூட்டையோடு போடிக்கு அனுப்பிவிட்டார். நானே குழம்பு வைத்து, சோற்றோடு இலையில் போட்டுத் தகரக் கூரைமேல் வைத்துக் காக்கையை அழைத்தேன்.

மூன்று காக்கைகள் வந்தன. தினமும் பழைய சோற்றுக்குச் சண்டை போடுகிறவை. இலையைச் சுற்றி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தன. ஒன்றுகூட அலகை வைக்கவில்லை. பிறகு மூன்றும் சேர்ந்து என்னைப் பார்த்தன.  எனக்கு ஆத்திரம் வந்தது.

"செத்தும் வீம்பு போகலீங்களா அத்தை? நீங்க தின்னாட்டிப் போங்க."

வேண்டுமென்றே இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். தொண்டை எரிந்தது, மிளகாய் என்று நினைத்தேன். ஐந்து மாதப் பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டேன்.

மறுநாள் காலையில் அவன் பாலுக்கு அழவில்லை. கண்கள் பாதி திறந்திருக்க, தூங்கிக்கொண்டே இருந்தான். நான் அவனை உலுக்கி எழுப்பிக்கொண்டிருந்தபோது மத்தியாஸ் மேடேறி ஓடி வந்தான்.

"காக்கா தொட்டுச்சா அக்கா?"

"இல்லைங்க தம்பி."

"அது அழுங்காமை. கடல்ல பாறையில ஒட்டியிருக்க பஞ்சைத் தின்னு வளருறது. சில பஞ்சுல விஷம் இருக்கும். ஆமைக்கு ஒண்ணும் ஆகாது, அதைத் தின்ன ஆளுக்குத்தான். எங்க ஊர்ல ஈரலைக் காக்காய்க்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் கறியை அடுப்புல வைப்பாக. எனக்கு வித்தவன் பாக்கலையாம். அங்க தின்னுட்டுப் படுத்தவக எந்திரிக்கலைன்னு இப்பத்தான் தாக்கல் வந்துச்சு."

"நான் நல்லாத்தானுங்க இருக்கேன்."

"விஷம் பால்ல இறங்கிரும் அக்கா, பிள்ளைக்குக் குடுத்தீகளா?"

நான் பிள்ளையை அவன் பக்கம் நீட்டினேன். அவன் பிள்ளையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றான். பிள்ளைக்கு மூச்சு இல்லை.

கூரைமேல் நேற்றைய இலை தொடாமல் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் மூன்று காக்கைகளும் காவல் காப்பதுபோல நின்றன.

அந்தக் கிழவி என் தட்டைத் தள்ளியதிலேயே என் நன்மைக்காகத் தள்ளியது அன்றைக்கு மட்டும்தான். நான்தான் வீம்புக்குத் தின்றேன்.